வளர்கிற பையனுக்கு ஒரு ஹெலிகாப்டர்

கடைக்காரர்களில் ஒரு வகையை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே நமக்கு என்ன வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள். புடவைக் கடையில் என் நிறத்தைப் பார்த்துவிட்டு, இது உங்களுக்கு எடுபடாது மேடம் என்று அரக்குச் சிவப்பை மடித்து உள்ளே வைக்கிறவர்கள். செருப்புக் கடையில் என் நரையைப் பார்த்துவிட்டு மூட்டுவலிக்காரர்கள் போடும் பஞ்சுச் செருப்பை நேராகக் கொண்டுவந்து காலடியில் போடுகிறவர்கள். இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள் பொம்மைக் கடையில் இருக்கிறார்கள் என்பது நாற்பத்தொன்பதாவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் தேனாம்பேட்டையில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருக்கிறேன். விபத்துக் கோப்புகள் என் மேஜைக்கு வரும். நசுங்கிய பம்பர், உடைந்த கண்ணாடி, மல்லாந்து கிடக்கும் ஆட்டோ. காலையிலிருந்து மாலை வரை உடைந்த சாமான்களின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, மெட்ரோ தோண்டிப்போட்ட புழுதியைத் தின்றுகொண்டு மயிலாப்பூருக்குத் திரும்புவேன். வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். அவர் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் கட்டு எடுக்க அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மைதானத்தில் அறுபது வயதிருக்கும் ஒருவர் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். முழங்கை நீளம் இருக்கும். பேட்டரியில் ஓடுவது. கையில் ரிமோட். நான் நினைத்ததுபோல் அது இங்கும் அங்கும் பாயவில்லை. அவர் மார்பு உயரத்தில் ஒரே இடத்தில் நின்றது. காற்று தள்ளும்போது அவர் கட்டைவிரல் ஒரு நூல் அசையும், அது மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கும். அவருடைய நாக்கு ஒரு பக்கமாக வெளியே வந்திருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனால் எனக்கு அது வேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது. நாக்கு உட்பட.

ஏதாவது வேண்டும் என்று எனக்குத் தோன்றியே பல வருடம் ஆகியிருந்தது. ஒரு பொருளை என் இரண்டு கட்டைவிரலால் அந்தரத்தில் நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் ஆசை. இதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மூன்று மாதம் படித்தேன். படித்தேன் என்றால் போனில் வீடியோ பார்த்தேன். பாதி வீடியோக்களில் வணக்கம் மக்களே என்று கத்திவிட்டுப் பெட்டியைக் கிழிப்பார்களே தவிர ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எரிச்சலை அடக்கிக்கொண்டு பார்த்ததில் ஒன்று தெளிவானது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் வாங்க வேண்டியது, மேலும் கீழுமாக இரண்டு விசிறி வைத்த சின்ன ஹெலிகாப்டர். ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். அதனால் தடுமாறாது. கையை எடுத்தாலும் ஓரளவு அதுவே நின்றுகொள்ளும். வீட்டு ஹாலே போதும். ஒற்றை விசிறி வைத்த பெரிய ரகம் வேறு ஜாதி. அதில் பிளேடின் சாய்மானமே நாம் சொல்கிறபடி மாறும். கவனம் ஒரு நொடி பிசகினால் சரிந்து விழும், பிளேடு கத்திபோல வெட்டும். கற்றுக்குட்டி அதன் பக்கம் போகக் கூடாது. இதைச் சொல்லாத ஆள் கிடையாது. எனக்கும் மனப்பாடம்.

முதலில் அடையாறில் ஒரு பெரிய பொம்மைக் கடைக்குப் போனேன். ஏசி, பளபளப்பு, எல்லாம் இருந்தது. நான் ஹெலிகாப்டர் என்று சொன்னவுடன் அந்தப் பெண், பையனுக்கு எத்தனை வயசு மேடம் என்றாள். பையனுக்கு இல்லை, எனக்கு என்றேன். அவள் என்னை ஒரு தடவை, என் கைப்பையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பக்கத்து அலமாரியில் இருந்தவளைக் கூப்பிட்டு, மேடமுக்கேவாம் என்றாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் பிறந்தநாள் கேக்கில் வைக்கிற மாதிரி விளக்கு எரியும் ஒரு குப்பையை எடுத்து நீட்டி, இது ஈஸியா இருக்கும் மேடம் என்றாள். படியிறங்கும்போது என் காது சுட்டது. அவர்கள் சிரித்ததை விட, சிரித்ததற்காக நான் கூசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தி. நகர். பாண்டி பஜார் பக்கம் ஒரு சந்தில் கீழே குழந்தைகள் துணிக்கடை, மாடியில் இந்த மாதிரிச் சாமான்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். துணிக்கடை அண்ணனுடையது, மாடிக்கடை தம்பியுடையது. தம்பிக்கு முப்பத்தைந்து இருக்கும். மூக்கின் நுனியில் சால்டரிங் கறையோடு ஏதோ ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "பையனுக்கு என்ன வயசுக்கா?" என்றார்.

"பதினொண்ணு" என்றேன்.

ஏன் பதினொன்று என்று எனக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிகளுக்கு நடந்ததெல்லாம் நின்றுபோன வருடத்திலிருந்து எண்ணினால் அந்தக் கணக்கு வரும். அதற்குமேல் இங்கே விரிக்க எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறவர்களுக்கு இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி, அடுத்த கேள்வி வராதபடி முகத்தை வைத்துக்கொள்ள நான் பழகியவள். இருபது வருடப் பழக்கம். அன்றைக்கு அந்தப் பதினொன்று யாரைக் கேட்டு வந்ததோ, வந்துவிட்டது. சொன்னவுடன் நாக்கில் இனித்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

அந்தத் தம்பி மளமளவென்று மரியாதைக்காரர் ஆகிவிட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஆறாப்பு படிக்கானா என்று கேட்டார், ஆமாம் என்றேன். வலது கைப் பழக்கமா என்றார், இடது என்றேன். இடது கைப் பழக்கம் எனக்கு. பொறுமை உண்டா என்றார், கொஞ்சம் கோபக்காரன் என்றேன். ஐந்து நிமிடத்தில் அந்தப் பையனுக்குக் கண், மூக்கு, கோபம் எல்லாம் வந்துவிட்டது. நான் அலமாரியில் இருந்த இரட்டை விசிறிச் சின்ன ஹெலிகாப்டரைக் காட்டினேன். மூன்று மாதப் படிப்பும் அந்த விரலில்தான் இருந்தது.

"இது ஒரு மாசத்துல சலிச்சிரும்க்கா" என்றார் அவர். "வளருத பையம்லா. ஒரு சைஸ் பெருசா எடுத்துக் குடுத்துருங்க, வருசக்கணக்கா வச்சு வெளாடுவான்."

துணிக்கடை வீட்டுப் பேச்சு. கீழே அவருடைய அண்ணன் அந்த நேரத்தில் இதையே எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாரோ. இந்த ஊரில் யாருக்கும் அவரவர் அளவில் சட்டை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆறாம் வகுப்பில் எடுத்த பாவாடையின் மடிப்பை ஒவ்வொரு வருடமும் பிரித்துவிட்டு, மடிப்பு இருந்த இடத்தில் கருநீலக் கோட்டோடு எட்டாம் வகுப்பு வரை ஓட்டியவள் நான். ஷூவின் முனையில் பஞ்சு. அது துணிக்குச் சரி. ஹெலிகாப்டருக்கு அதைவிட முட்டாள்தனமான யோசனை கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தலையாட்டினேன். அம்மாக்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள் என்று நினைத்து ஆட்டினேன். தெரியாமல் ஏமாந்திருந்தால் கடைக்காரரைத் திட்டலாம். தெரிந்தே, இல்லாத ஒரு பையன் வளர்ந்துவிடுவானே என்று பயந்து, ஒற்றை விசிறிப் பெரிய ஹெலிகாப்டரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் அந்தப் பெட்டி. எதிர் சீட்டு அம்மாள், பையனுக்காம்மா என்றாள். ஆமாம் என்றேன். இரண்டாவது தடவை சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது, சீ.

என் கணவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, சின்னதுதானே வாங்குவதாகச் சொன்னாய் என்றார். வருடக்கணக்காக வரும் என்றேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா என்று முணுமுணுத்துவிட்டு பேட்டரியை எப்படிச் சார்ஜ் போடுவது என்ற தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். வாத்தியார் புத்தி. கற்றுக்கொள்கிறவர்களுக்காக அடியில் மாட்டும் நான்கு குச்சியையும், குச்சி முனைப் பந்துகளையும் அவர்தான் பொருத்தினார். நான் உதவவில்லை. அதைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை, கடல் காற்று எழுவதற்கு முன்பு மொட்டை மாடிக்குப் போனோம். எங்கள் மாடி ஒன்றும் பறக்கிற இடமில்லை. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கம் துணிக்கொடி, புறா எச்சம் காய்ந்து அப்பிய கைப்பிடிச் சுவர். எச்சத்தின் நெடியில் எனக்கு எப்போதும் மூக்கு சுருங்கும். இரண்டாவது மாடி மாமி ஓரமாக வடாம் பிழிந்துகொண்டிருந்தார். என் கணவர் துவைத்த துணி வாளியோடு கொடியருகே நின்றார்.

மாமி ஹெலிகாப்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆத்துக்குக் கொழந்தேள் யாராவது வந்திருக்காளா?" என்றார்.

இல்லை மாமி என்றேன். மாமி, ஓ என்றார். அந்த ஓவின் நீளம் எனக்குத் தெரியும். ஐயோ பாவம் என்பதைச் சொல்லாமல் சொல்லும் நீளம். மாமி கெட்டவர் இல்லை. வடாமில் பாதியை எங்களுக்குத்தான் தருவார். ஆனாலும் அந்த நிமிடம் எனக்கு மாமியை, மாடியை, கையிலிருந்த ரிமோட்டை, எல்லாவற்றையும் பிடிக்காமல் போயிற்று. மாமி இறங்கிப் போகட்டும் என்று காத்திருந்தேன். போனவுடன், முதலில் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் எழுப்பிப் பழக வேண்டும் என்று படித்ததை மறந்து, ஆத்திரத்தோடு கட்டைவிரலை மேலே தள்ளினேன்.

அது எழுந்த சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மிக்ஸி மூடி பறந்துபோனால் வருமே, அந்தச் சத்தம். தலை உயரத்துக்கு ஏறியது. என் பக்கம் மூக்கைத் திருப்பியது. அது நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். இதுவும் படித்ததுதான். நான் விலக்க நினைத்துத் தள்ளிய பக்கத்துக்கு நேர் எதிராக, அது என் கணவரை நோக்கிச் சரிந்து போயிற்று. அவர் குனிந்தார். அது கொடிக்கம்பியில் அடித்து, சுவரில் அடித்து, தரையில் பல்லியின் வால்போலத் துடித்து நின்றது. உடைந்த பிளேடு ஒன்று அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் வாளியைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஈரத்துணியில் செருகியிருந்தது. வாளியைப் பிடித்திருந்த விரல்களுக்கும் அந்தக் கிழிசலுக்கும் நடுவே நான்கு விரல்கடை இடம்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவர் சொன்னார். நான் அந்தப் பிளேடை ஈரத்துணியிலிருந்து உருவினேன். அலுவலகத்தில் நான் பார்க்கும் கோப்புகளில் இப்படித்தான் இருக்கும். ஓட்டுநர் தன் தகுதிக்கு மீறிய வாகனத்தை ஓட்டியதால், என்று நானே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். எழுதும்போது அந்த ஓட்டுநர்களை எவ்வளவு கேவலமாக நினைத்திருக்கிறேன்.

உடைந்த பிளேடுகளைப் படமெடுத்துக் கடைத்தம்பிக்கு அனுப்பினேன். இதற்கு மாற்று கிடைக்குமா என்று மட்டும் எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலை நான் குளித்துவிட்டு வரும்போது என் கணவர் என் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸ்கூலுக்குப் போயிருக்கான்" என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இல்லைங்க, அடியெல்லாம் படலை" என்றார். மறுபடி கேட்டுவிட்டு, "திட்டலைங்க. சின்னப் பையன்தானே."

போனை வைத்துவிட்டு, பிளேடு வந்திருக்கிறதாம், சனிக்கிழமை வரச் சொன்னார் என்றார். பிறகு உட்கார்ந்து தோசையைப் பிய்த்தார். நான் ஈரத்தலையோடு நின்றேன். அவர் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். என்ன இதெல்லாம் என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். என் பொய்யை இவ்வளவு பதமாக, ஒரு சொல்கூடத் தடுமாறாமல், அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று யோசித்தேன். கற்றுக்கொள்ளவில்லை. அவரிடமும் அது எப்போதோ தயாராக இருந்திருக்கிறது.

கை கழுவிவிட்டு வந்தபிறகுதான் பேசினார். "ஆறாவதாமே."

நான் அவருடைய தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

"எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ். அதுக்கப்புறம் கஷ்டம்" என்றார். "சீக்கிரம் போய்ச் சொல்லிடும்மா."

சனிக்கிழமை வரை எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். போஜனம் எல்லாம் கிடைத்தது. வாய்க்குத்தான் பிடிக்கவில்லை. பேசாமல் வேறு கடைக்குப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். வேறு கடையிலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அங்கே பன்னிரண்டு என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான் என்னைத் தி. நகருக்கே மறுபடி தள்ளியது.

மாடிப்படி ஏறியதும் தம்பி, என்னக்கா பயந்துட்டானா என்று கேட்டார். பிளேடுகளை எடுத்து வைத்தார். கூடவே மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டி-ஷர்ட்டையும் எடுத்து வைத்தார். வான நீலம். மார்பில் விமானம் போட்டிருந்தது. ஹெலிகாப்டர் படம் போட்டது அண்ணன் கடையில் இல்லையாம். பையன் மனசு ஒடஞ்சிருக்கும், நான் குடுத்தேன்னு குடுங்க என்றார். காசு வேண்டாம் என்று சொல்லி ஒரு பையில் போட்டார்.

"பதினொண்ணுக்குப் பதிமூணு எடுத்திருக்கேன்க்கா. வளந்துருவாம்லா."

அவர் என்னைக் கேலி செய்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அடையாறுப் பெண்களை நான் வெறுத்தது எவ்வளவு சுகமான வெறுப்பு. இங்கே வெறுக்க ஆள் இல்லை, என்னைத் தவிர. அந்தச் சட்டையின் கழுத்தில் விலைச்சீட்டைப் பிய்த்த நூல் பைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பையன் கிடையாது தம்பி. எங்களுக்குப் பிள்ளைங்களே இல்ல. ஹெலிகாப்டர் எனக்குத்தான். நான்தான் ஓட்டினேன், நான்தான் உடைச்சேன்."

கீழே துணிக்கடையில் யாரோ ஒரு குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது. தம்பி மேஜைமேல் கிடந்த திருப்புளியை எடுத்து அதன் டப்பாவில் போட்டார். மறுபடி எடுத்தார். மறுபடி போட்டார். போனில் பேசினது யாரு என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லாக்கா" என்றார் கடைசியில். "சின்னதையே குடுத்திருப்பேன். நீங்க இனிமே எங்க வளரப் போறிய?"

அதற்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். என் சுபாவம் அது. வரவில்லை. அவர் அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். ஹால் எத்தனை அடி, மின்விசிறி எந்த உயரத்தில், கண்ணாடி படிக்க மட்டுமா, கட்டைவிரல் மூட்டில் வலி உண்டா. நாற்பத்தொன்பது என்று வயதைச் சொன்னேன். பெரியது பரணில் கிடக்கட்டும், கை பழகியபின் பார்க்கலாம் என்று பிளேடுகளை உள்ளே வைத்துவிட்டு, நான் முதல் நாள் விரல் காட்டிய அதே இரட்டை விசிறிச் சின்னதை எடுத்துப் பையில் போட்டார். சட்டை அதற்கு முன்பே பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் அது அங்கே இல்லாததுபோலவே பேசி முடித்தோம்.

இப்போது தினமும் அலுவலகம் விட்டு வந்து ஹாலில் ஓட்டுகிறேன். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். சென்னை வெக்கையில் முதுகு வழிந்து ரவிக்கை ஒட்டிக்கொள்ளும், கண்ணாடியில் வியர்வை சொட்டும், அந்த நாற்றத்தில் எனக்கே என்னைப் பிடிக்காது. என் கணவர் காலைத் தூக்கி சோபாமேல் வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்துவார். முதல் வாரம் மேலே நிறுத்துவது வந்துவிட்டது. இறக்குவதுதான் வரவில்லை. மொசைக் தரையில் கால்கள் வழுக்கி ஒவ்வொரு தடவையும் ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்ச் செருகிக்கொள்ளும். ஒட்டடையோடு வெளியே இழுப்பேன்.

அப்படி ஒரு நாள் இழுத்துவிட்டுத் திரும்பினால், ஹாலின் நடுவே அந்த நீலச் சட்டை விரித்துப் போட்டிருந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீட்டி, சுருக்கமில்லாமல். துணி இருந்தால் வழுக்காது என்றார் அவர், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். கருமம், அதை எடுங்க முதல்ல என்று கத்தினேன். அவர் எடுக்கவில்லை. நான் குனிந்து எடுக்கப் போனேன். போனவள் எடுக்காமல் வந்துவிட்டேன்.

ரிமோட்டைப் பிடித்தேன். எழுப்பினேன். இடுப்பு உயரத்தில் அது நின்றது. போகவில்லை, வரவில்லை, நின்றது. என் நாக்கு வெளியே வந்திருப்பது எனக்கே தெரிந்தது. மெதுவாகக் கட்டைவிரலைக் கீழே இழுத்தேன். மார்பில் போட்டிருந்த விமானத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வழுக்காமல் உட்கார்ந்தது.

தினமும் அதில்தான் இறக்குகிறேன். ஒரு சைஸ் பெரிதாக எடுத்த சட்டை. இறங்க இடம் தாராளமாக இருக்கிறது.